சிலிண்டரா, கரண்ட் அடுப்பா? ஒரு வருட வீட்டுக் கணக்கு

அத்தைக்கு சிலிண்டர்தான் சிக்கனம். என் கணவருக்கு இண்டக்‌ஷன் அடுப்புதான் சிக்கனம். சேலம் அம்மாப்பேட்டையில் ஐந்து பேர் இருக்கும் எங்கள் வாடகை வீட்டில் இந்தப் பேச்சு இரண்டு வருடமாக ஓய்ந்தபாடில்லை. "கரண்ட் அடுப்புல வெச்சா பில்லு எங்கியோ போயிடும் கண்ணு" என்று அத்தை என்னிடம் சொல்வார். "சிலிண்டர் என்ன விலை விக்குதுன்னு தெரியுமாம்மா?" என்று என் கணவர் அங்கிருந்து கேட்பார். யார் சொல்வது சரி என்று பார்க்கத்தான் ஒரு நோட்டு போட்டேன். மீட்டர் யூனிட், சிலிண்டர் மாட்டிய தேதி, தீர்ந்த தேதி, காய்கறி, மளிகை எல்லாவற்றையும் எழுதி வந்தேன். ஆறு பில் முடிந்தபோது இரண்டு பேர் சொன்னதும் சரியாகவே இருந்தது. ஆனால் வேறு வேறு மாதங்களில்.

முதலில் அடுப்புக் கணக்கு. வீட்டு சிலிண்டரில் 14.2 கிலோ கேஸ் இருக்கிறது. ஒரு கிலோ கேஸ் எரிந்தால் ஏறக்குறைய 11,000 கிலோ கலோரி வெப்பம் வரும். ஒரு யூனிட் மின்சாரத்துக்கு அது 860. அப்படிப் பார்த்தால் ஒரு சிலிண்டருக்குள் சுமார் 180 யூனிட்டுக்குச் சமமான சூடு இருக்கிறது. ஆனால் கேஸ் அடுப்பில் தீ பாத்திரத்தைச் சுற்றி வழிந்து போகும். மூன்றில் இரண்டு பங்குதான் பாத்திரத்துக்குள் போகிறது. இண்டக்‌ஷனில் பாத்திரத்தின் அடியே சூடாவதால் 85 சதவீதம் வரை உள்ளே இறங்கும். கூட்டிக் கழித்துப் பார்த்தால், ஒரு சிலிண்டர் செய்கிற வேலையை இண்டக்‌ஷன் அடுப்பு சுமார் 140 யூனிட்டில் செய்து முடிக்கும்.

இந்த 140ஐ மனதில் வைத்துக்கொண்டால் போதும். சிலிண்டருக்கு நாங்கள் 880 ரூபாய் கொடுத்தோம், கொண்டு வந்து தருபவருக்கு 30. ஆக 910. அதை 140ஆல் வகுத்தால் ஆறரை ரூபாய். உங்களுக்குக் கூடுதலாக வரும் ஒரு யூனிட் ஆறரை ரூபாய்க்குக் கீழே கிடைத்தால் இண்டக்‌ஷன் லாபம். மேலே போனால் கேஸ் லாபம்.

ஆனால் நம் ஊரில் யூனிட்டுக்கு ஒரே விலை கிடையாது. 2022 செப்டம்பரில் வந்த கட்டணத்தை எடுத்துக்கொள்கிறேன், கணக்குப் போட வசதியான எண்கள் என்பதால். 2024 ஜூலையில் கொஞ்சம் ஏறியபோதும் படி அமைப்பு அப்படியேதான் இருந்தது. இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். 101 முதல் 200 வரை 2.25 ரூபாய். 400 வரை 4.50. 500 வரை 6. மொத்தம் 500ஐத் தாண்டிவிட்டால், 2.25 ரூபாய்க்குக் கிடைத்த அந்த 100 யூனிட்டும் 4.50 ஆகிவிடும், தாண்டிய யூனிட்டுக்கு 600 வரை 8 ரூபாய். 500 யூனிட் ஓடிய வீட்டுக்கு 1,725 ரூபாய் பில். 501 ஓடிய வீட்டுக்கு 1,958. ஒரே ஒரு யூனிட்டுக்கு 233 ரூபாய். இதை நோட்டில் எழுதிப் பார்த்த அன்றைக்கு எனக்கு மனசே ஆறவில்லை. எத்தனை பில்லில் 510, 520 என்று கட்டியிருக்கிறோம்!

இப்போது எங்கள் வீட்டையே பாருங்கள். மார்கழி, தை மாதத்தில் மின்விசிறி அதிகம் ஓடாது. இண்டக்‌ஷன் இல்லாமல் 290 யூனிட். சமையலில் முக்கால்வாசியை இண்டக்‌ஷனுக்கு மாற்றினால் இன்னொரு 160 சேரும், மொத்தம் 450. பில் 630இலிருந்து 1,425 ஆகும், அதாவது 795 கூடும். அதே சமையலைக் கேஸில் செய்திருந்தால் 1,040 ரூபாய்க்கு கேஸ் தீர்ந்திருக்கும். 245 ரூபாய் மிச்சம். என் கணவர் ஜெயித்தார்.

சித்திரை, வைகாசியில் சேலத்து வெயில் எப்படி என்று இங்கே இருப்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. விசிறி ராத்திரி பகல் நிற்காது. அடிப்படையே 430 யூனிட், பில் 1,305. அதோடு அந்த 160ஐச் சேர்த்தால் 590. பில் 2,670. கூடுதல் 1,365 ரூபாய். கேஸுக்கு அதே 1,040தான். இங்கே 325 ரூபாய் நஷ்டம். அத்தை ஜெயித்தார்.

அதனால் நாங்கள் இரண்டையும் வைத்திருக்கிறோம். ரீடிங் எடுத்து 45, 50 நாள் ஆனதும் நானே மீட்டரைப் பார்த்துவிடுவேன். 500க்கு இடம் இருந்தால் இண்டக்‌ஷன் தொடரும். 470 தொட்டுவிட்டால் அதை எடுத்து மேலே வைத்துவிடுவோம். ரீடிங் எடுப்பவர் நாலு நாள் தாமதமாக வந்தாலும் கணக்கு மாறும், அதற்கும் சேர்த்துத்தான் அந்த 30 யூனிட் இடைவெளி.

இன்னொன்று முக்கியம். வீட்டுக்காரர் தனி மீட்டர் தராமல், சப் மீட்டர் வைத்து யூனிட்டுக்கு 8 ரூபாய் என்று வாங்கும் வாடகை வீடுகள் இங்கே நிறைய. அங்கே 140 யூனிட் 1,120 ரூபாய். எந்த மாதத்திலும் இண்டக்‌ஷன் கட்டுப்படியாகாது. அப்படி இருப்பவர்கள் ஆசைப்பட்டு அடுப்பு வாங்கி ஏமாற வேண்டாம்.

சமையல் வசதி என்று பார்த்தால் அலுமினியக் குண்டா இண்டக்‌ஷனில் சூடாகாது. எங்களுக்கு ஒரு குக்கரும் இரண்டு பாத்திரமும் புதிதாக வாங்க வேண்டியிருந்தது, அந்தச் செலவையும் கணக்கில் சேர்க்க வேண்டும். இரும்புக் கல்லில் தோசை ஊற்றினால் நடுவில் கருகும், ஓரம் வேகாது. பால், சாதம், பருப்பு, வெந்நீர் இதற்கெல்லாம் இண்டக்‌ஷன் அருமை. தோசைக்கும் சப்பாத்திக்கும் கேஸ்தான்.

500 என்ற எல்லை தெரிந்த பிறகு மின்விசிறிப் பக்கம் கண் போனது. ஹாலில் ஓடும் பழைய விசிறி நின்றுபோனபோது இரண்டு வழி இருந்தது. காயில் கட்டி ஓட்டினால் 500 ரூபாயில் முடியும். குறைந்த மின்சாரத்தில் ஓடும் பிஎல்டிசி மோட்டார் விசிறி புதிதாக வாங்கினால் 2,800. பார்த்தவுடன் காயில் கட்டுவதுதான் மிச்சம் என்று தோன்றும், நானும் அதைத்தான் சொன்னேன். பழைய விசிறி 75 வாட். பிஎல்டிசி முழு வேகத்திலேயே 30 வாட் பக்கம். ஒரு நாளைக்கு 16 மணி நேரம் ஓடும் விசிறியில் இரண்டு மாதத்துக்கு 43 யூனிட் குறைகிறது. 4.50 விலையில் 194 ரூபாய், 6 ரூபாய்ப் படியில் இருந்தால் 258. இரண்டு, இரண்டரை வருடத்தில் போட்ட காசு வந்துவிடும். நாங்கள் ஹாலிலும் படுக்கை அறையிலும் மாற்றினோம். வெயில் காலத்து 430 யூனிட் 350க்குக் கீழே இறங்கியது. அதாவது சித்திரையிலும் கொஞ்சம் இண்டக்‌ஷன் ஓட்ட இடம் கிடைத்தது. எப்போதாவது ஓடும் சாமி அறை விசிறிக்கு இந்தச் செலவு வீண். அதற்கு கண்டன்சர் மட்டும் மாற்றி ஓட்டுகிறோம்.

பல்ப் பற்றிப் பேச ஒன்றுமில்லை. எல்இடி மாற்றாத வீடு இன்னும் இருந்தால் இன்றைக்கே மாற்றிவிடுங்கள்.

உழவர் சந்தையா, தள்ளுவண்டியா?

காய்கறிக் கணக்கில் நான் எதிர்பார்க்காத விஷயம் நடந்தது. உழவர் சந்தை 1999 நவம்பர் 14 அன்று மதுரையில் தொடங்கிய திட்டம். சேலத்தில் சூரமங்கலம், அம்மாப்பேட்டை, தாதகாப்பட்டி, அஸ்தம்பட்டி என்று நமக்கு நாலு பக்கமும் இருக்கிறது. விலைப் பலகை இருப்பதால் பேரம் பேசத் தெரியாதவர்களும் தைரியமாக வாங்கலாம். தெருவுக்கு வரும் வண்டியில் வாங்குவதோடு ஒப்பிட்டால், எங்கள் நோட்டுப்படி, ஒரே பட்டியலுக்கு வாரம் 90 முதல் 120 ரூபாய் வரை குறைவு.

ஆனால் முதல் இரண்டு மாதம் அந்த மிச்சம் கையில் நிற்கவில்லை. விலை மலிவு என்று ஞாயிற்றுக்கிழமை மொத்தமாக வாங்கி வருவோம். புதன் வரும்போது கீரை மஞ்சளாகும், கத்திரிக்காய் சுருங்கும், வியாழக்கிழமை குப்பைக்குப் போகும். குப்பையில் போட்டதையும் எழுதத் தொடங்கிய பிறகுதான் புரிந்தது, பாதி மிச்சம் அங்கேதான் போயிருக்கிறது. தள்ளுவண்டி அக்காவிடம் கால் கிலோ வாங்கினால் விலை கூடத்தான், ஆனால் ஒரு காய் வீணாகாது. இப்போது வாரத்தில் இரண்டு நாள் சந்தைக்குப் போகிறோம். கீரை, தக்காளி, கொத்தமல்லி மட்டும் வண்டியில். வெயிலிலும் மழையிலும் வாசலுக்கே கொண்டு வருகிறார், அந்த உழைப்புக்குக் கொடுக்கும் நாலு ரூபாயை நான் நஷ்டம் என்று எழுதுவதில்லை.

போகிற செலவும் இருக்கிறது. அம்மாப்பேட்டை சந்தை எங்களுக்கு நடை தூரம். தேங்காயும் கிழங்கும் நன்றாக வரும் என்று என் கணவர் சூரமங்கலம் போய் வந்தால் வண்டிக்கு 10, 12 கிலோமீட்டர் ஓட்டம், 25 ரூபாய் பெட்ரோல். அத்தை போனால் டவுன் பஸ்ஸில் டிக்கெட்டே இல்லை. 2021 மே முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் பெண்களுக்கு இலவசம் அல்லவா? கனம் தூக்க முடியாது என்பதால் நானும் கூடப் போவேன். காலை ஆறு மணிக்குள் போய்விட்டால் நல்ல காய் கிடைக்கும். எட்டு மணிக்கு மேல் போனால் மிச்சம் மீதிதான்.

மளிகையில் போட்டி செவ்வாய்ப்பேட்டை மொத்தச் சந்தையான லீ பஜாருக்கும் தெருமுனைக் கடைக்கும். லீ பஜாரில் மொத்தமாக வாங்கினால் எல்லாமே மிச்சம் என்று சொல்வார்கள். எல்லாமே இல்லை. மிளகாய், மல்லி, புளி இந்த மூன்றும் மாசி, பங்குனியில் புதுசு வரும். அப்போது வருடத்துக்கு வாங்கி, மொட்டை மாடியில் நன்றாகக் காய வைத்து, டின்னில் அடைத்து வைத்தால் உண்மையான மிச்சம். அத்தை புளியில் கொட்டை, நார் எடுத்து, கல் உப்பு தூவிப் பானையில் அடைப்பார். அடுத்த மாசி வரை கெடாது. ரவை, கடலை மாவு, பச்சைப்பயறு இதையெல்லாம் பத்து கிலோ வாங்கி வண்டு வைத்தால் போட்டது போச்சு. தெருமுனைக் கடையில் விலை கொஞ்சம் கூட, ஆனால் கை வறண்ட மாதக் கடைசியில் அந்தக் கடைக்காரர்தான் நோட்டில் எழுதிக்கொண்டு கொடுக்கிறார். அங்கே போவதை நிறுத்தக்கூடாது என்று அத்தை சொன்னதை நான் ஏற்றுக்கொண்டேன்.

இரண்டுக்கும் முன்னால் ரேஷன் கடை இருக்கிறது. துவரம் பருப்பு கிலோ 30, பாமாயில் லிட்டர் 25, அரிசி இலவசம். வெளியே எந்தக் கடையும் இந்த விலையோடு போட்டி போட முடியாது. ரேஷன் புழுங்கல் அரிசியைச் சாதமாகச் சாப்பிடப் பிள்ளைகள் அடம் பிடித்தால் மாவுக்குப் போடுங்கள். மூன்று பங்கு ரேஷன் அரிசிக்கு ஒரு பங்கு இட்லி அரிசி, ஒரு பங்கு உளுந்து, ஒரு ஸ்பூன் வெந்தயம். இட்லி பஞ்சு மாதிரி வருகிறது. கிரைண்டருக்கு மின்சாரம் கால் யூனிட்கூட ஆகாது. வாரத்துக்கு மூன்று பாக்கெட் மாவு வாங்கிக்கொண்டிருந்த வீடு எங்களுடையது, இப்போது உளுந்துச் செலவோடு முடிகிறது. வேலைக்குப் போய்விட்டு ஏழு மணிக்கு வரும் பெண்ணிடம் வீட்டில்தான் அரைக்க வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். எங்கள் வீட்டில் ஊறப் போட அத்தையும், கிரைண்டரைக் கழுவ என் கணவரும் இருப்பதால் நடக்கிறது.

சீட்டா, ஆர்.டி.யா?

மிச்சப் பணத்தை எங்கே போடுவது என்பதில் மட்டும் நான் விட்டுக்கொடுக்கவில்லை. இங்கே நெசவுத் தெருக்களில் ஏலச்சீட்டும் தீபாவளிச் சீட்டும் ரத்தத்தில் ஊறிய பழக்கம். அவசரத்துக்கு நடுவிலேயே எடுக்கலாம் என்பது சீட்டின் பெரிய பலம், அதை மறுக்க மாட்டேன். பதிவு செய்த சீட்டு என்றால் 1982ஆம் வருடத்துச் சட்டம் காவல் இருக்கிறது, நடத்துபவர் எடுக்கும் கமிஷனும் 7 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது. தெருவில் தெரிந்தவர் நடத்தும் பதிவில்லாத சீட்டுக்கு அந்தக் காவல் எதுவும் இல்லை. என் சித்தி அப்படி ஒன்றில் மூன்று வருடம் கட்டினார். பணம் போனது ஒரு பக்கம். நடத்தியவரும் சொந்தக்காரர் என்பதால் வாய் திறந்து கேட்கக்கூட முடியாமல் சித்தி அழுதது என் கண்ணில் நிற்கிறது.

அஞ்சலகத்தில் மாதாமாதம் கட்டிச் சேர்க்கும் ஆர்.டி. (தொடர் வைப்பு) கணக்கில் நடுவில் எடுப்பது அவ்வளவு சுலபம் இல்லை. ஆனால் பணம் எங்கே என்று ராத்திரி யோசிக்க வேண்டியதில்லை. 100 ரூபாயிலிருந்து கட்டலாம், ஐந்து வருடம், நாங்கள் சேர்ந்தபோது வட்டி 6.7 சதவீதம். சேர்ந்த அன்றைய வட்டி கடைசி வரை மாறாது. சந்தை, விசிறி, மாவு, அடுப்பு எல்லாம் சேர்த்து எங்களுக்கு மாதம் 700 ரூபாய் நிலையாகக் கையில் நின்றது. 60 மாதம் கட்டினால் 42,000. கையில் வருவது ஏறக்குறைய 50,000.

கணக்கு அத்தை பெயரில். 9ஆம் தேதி தொடங்கியதால் ஒவ்வொரு மாதமும் 15க்குள் கட்ட வேண்டும், தவறினால் 100 ரூபாய்க்கு ஒரு ரூபாய் அபராதம். அத்தையே பஸ் ஏறிப் போய்க் கட்டிவிட்டு, வரும் வழியில் சந்தைப் பக்கம் இறங்கிக் கிழங்கு வாங்கி வருகிறார். இதுவரை ஒரு மாதம்கூடத் தவறவில்லை.