எஸ்ஏபி டெலிவரி ஷெட்யூல் வசதி: திருவொற்றியூரிலிருந்து ஒரு மதிப்பீடு

வாகன நிறுவனங்களுக்கு உதிரிபாகம் செய்து தரும் திருவொற்றியூர்த் தொழிற்கூடம் ஒன்றில் சரக்கு அனுப்பும் பிரிவைக் கவனித்துவரும் எனக்கு, நிறுவனத்தின் கொள்முதல், உற்பத்தி, விற்பனைக் கணக்குகளை ஒன்றாக நிர்வகிக்கும் எஸ்ஏபி மென்பொருளின் விற்பனைப் பிரிவில் உள்ள ஷெட்யூலிங் அக்ரிமென்ட் வசதியே அதன் மிகப் பயனுள்ள பகுதியாகத் தோன்றுகிறது. ஒவ்வொரு தேவைக்கும் தனித்தனியாகப் பர்ச்சேஸ் ஆர்டர் வாங்காமல், நீண்டகால ஒப்பந்தம் ஒன்றைப் பதிந்துவிட்டு, எப்போது எவ்வளவு தேவை என்று வாடிக்கையாளர் அவ்வப்போது அனுப்பும் ஷெட்யூலை அதன்கீழ் ஏற்றிக்கொண்டே போகலாம்.

ஷெட்யூல்களில் மூன்று வகை உண்டு. அவற்றைக் கலந்துவிடாமல் தனித்தனியே வைத்திருப்பதுதான் இந்த வசதியின் பலம். ஃபோர்காஸ்ட் ஷெட்யூல் வரும் வாரங்களுக்கும் மாதங்களுக்கும் உரிய தேவையைச் சொல்கிறது. எஃகுக்கும் வார்ப்புக்கும் சொல்லிவைக்க அது போதும். ஜேஐடி (ஜஸ்ட் இன் டைம், அதாவது தேவைப்படும் நேரத்துக்குச் சரியாக) ஷெட்யூல் அண்மை நாள்களுக்கு மட்டும், நாள் கணக்கிலோ மணிக் கணக்கிலோ, சரக்கு எப்போது வந்து சேர வேண்டும் என்பதைக் குறிக்கிறது. கணினிக்குக் கணினி நடக்கும் மின்னணுப் பரிமாற்றத்தில் முன்னது டெல்ஃபார் என்ற செய்தியாகவும் பின்னது டெல்ஜிட் என்ற செய்தியாகவும் வரும். மூன்றாவதான பிளானிங் ஷெட்யூலை வாடிக்கையாளர் அனுப்புவதில்லை. வந்த ஃபோர்காஸ்ட்டை நம் எந்திரத் திறனுக்கும் ஷிஃப்டுக்கும் ஏற்பப் பிரித்து நாமே வைத்துக்கொள்வது அது. அதைத் தொடாமலே காலம் தள்ளுகிறவர்கள் இந்த மென்பொருளின் பாதிப் பயனை இழக்கிறார்கள் என்பது என் கருத்து.

நான் மிகவும் நம்புவது க்யூமுலேட்டிவ் எண்ணிக்கையை, அதாவது தொடர்ந்து கூட்டிக்கொண்டே வரும் மொத்தத்தைத்தான். ஆண்டுத் தொடக்கத்திலிருந்து நாம் அனுப்பியது 12,000, வாடிக்கையாளர் வரவு வைத்தது 11,400 என்றால், மீதி 600 வழியில் இருக்கிறது. வெள்ளிக்கிழமைக்குள் மொத்தம் 12,500 தேவை என்று ஷெட்யூல் வந்தால், இனி அனுப்ப வேண்டியது 500 மட்டுமே. வரவை மட்டும் பார்ப்பவர் 1,100 என்று கணக்கிட்டு வீணாக இன்னொரு லாரியை ஏற்றிவிடுவார். துறைமுகம் செல்லும் கன்டெய்னர் லாரிகள் எண்ணூர் விரைவுச் சாலையில் வரிசைகட்டி, நம் வண்டியும் அவற்றுக்கிடையே நகராமல் நிற்கும் நாள்களில் இந்தக் கணக்கு எவ்வளவு பெரிய துணை என்பதை வடசென்னையில் சரக்கு அனுப்புகிறவர்கள் அறிவார்கள்.

மென்பொருளில் வாங்குபவர் பக்கத்தில் ஃபர்ம் சோன், டிரேட்-ஆஃப் சோன் என்ற தேதி எல்லைகளையும் பதியலாம். முன்னதில் அடங்கும் அளவை ரத்துசெய்தால் உற்பத்திச் செலவு, மூலப்பொருள் செலவு இரண்டும் வாடிக்கையாளரைச் சேரும். பின்னதில் மூலப்பொருள் செலவு மட்டும். இந்தத் தேதி எல்லைகளை ஒப்பந்தத்தில் எழுதி வாங்காமல் சரக்கு தரும் எந்தச் சிறு வெண்டாரும் எஃகை வாங்கிக் குவிக்கக் கூடாது.

பாதைக்கு நாம் பதிந்துவைத்த பயண நேரத்தைக் கழித்துத்தான் மென்பொருள் சரக்கு புறப்பட வேண்டிய நேரத்தைக் காட்டுகிறது. அன்றைய நெரிசலை அது தானாக அறியாது என்பதால், அந்த நேரத்தைத் தாராளமாகவே பதிய வேண்டும். மாதந்தோறும் ஒரே அளவில் இரண்டொரு பொருள்களை மட்டும் அனுப்புகிறவர்களுக்கு எக்செல் போதும். எஸ்ஏபியின் உரிமக் கட்டணமும் நிறுவும் செலவும் அவர்களுக்குத் தேவையற்ற சுமை.