மொத்த விலையா, கமிஷனா, சந்தாவா? 1800 வாக்கில் நாவல் எழுதிய பெண்களின் கணக்கு

1803இல் லண்டன் பதிப்பாளர் பெஞ்சமின் கிராஸ்பி ‘சூசன்’ என்ற நாவலின் கைப்பிரதியை 10 பவுண்டுக்கு வாங்கினார். விளம்பரம்கூடச் செய்தார், அச்சுக்கு மட்டும் அனுப்பவில்லை. எழுதியவர் ஜேன் ஆஸ்டின். 1809இல் அவர் வேறு பெயரில் கடிதம் போட்டு, சீக்கிரம் வெளியிடுவதாகத்தானே பேச்சு என்று கேட்டார். தேதி எதுவும் பேசவில்லை, யாராவது அச்சிட்டால் தடுப்போம், வேண்டுமானால் வாங்கிய விலைக்கே திருப்பித் தருகிறோம் என்று பதில் வந்தது. கைப்பிரதி மீண்டது 1816இல்தான்.

பதிப்புரிமையை மொத்தமாக எழுதிக் கொடுப்பதில் இருந்த முதல் ஓட்டை இது. கெடு எழுதி வாங்காவிட்டால் கைப்பிரதி பதிப்பாளரின் பெட்டியிலேயே கிடக்கும். இருந்தும் அக்காலப் பெண் எழுத்தாளர்களில் பலர் இந்த வழிக்கே போனார்கள். அதை அறியாமை என்று சொல்லிவிட முடியாது. விற்ற அன்றே காசு கைக்கு வரும், புத்தகம் விலைபோகாவிட்டால் நஷ்டம் பதிப்பாளருக்கு. லெடன்ஹால் தெருவில் மினர்வா அச்சகம் நடத்திய வில்லியம் லேன் ஒரு நாவலுக்குப் பெரும்பாலும் 5 முதல் 30 பவுண்டுதான் கொடுத்தார். எலைசா பார்சன்ஸ் போல எட்டுப் பிள்ளைகளோடு கணவரை இழந்து நின்றவருக்கு, அடுத்த வருடம் வரக்கூடிய 100 பவுண்டைவிட இன்று கிடைக்கும் 20 பெரியது. லேனுக்கும் கணக்குத் தப்பவில்லை. அச்சகத்தோடு லெண்டிங் லைப்ரரியும் அவருடையதே. மற்ற ஊர்களில் லைப்ரரி தொடங்குவோருக்குப் புத்தகங்களை மொத்தமாக அனுப்பியதும் அவரே. நாவல் மூன்று பாகமாக வந்ததில் லைப்ரரிக்கு ஒரு வசதி: ஒரே கதையை ஒரே நேரத்தில் மூன்று பேருக்கு வாடகைக்கு விடலாம்.

பெயர் எடுத்த பிறகு விற்றால் கதையே வேறு. ஃபேனி பர்னியின் முதல் நாவல் ‘எவலினா’ 1778இல் 20 கினிக்குப் போனது (கினி என்றால் 21 ஷில்லிங், பவுண்டு 20). நாலே வருடத்தில் ‘செசிலியா’வுக்கு 250 பவுண்டு. ஆன் ராட்கிளிஃப் 1794இல் ‘உடால்ஃபோ’வுக்கு 500, 1797இல் ‘தி இத்தாலியன்’ நாவலுக்கு 800 வாங்கினார். இவை விதிவிலக்குகள். மினர்வாவில் வந்த புத்தகங்களை இந்தத் தொகைகளோடு வைத்துப் பேசக் கூடாது.

கமிஷன் முறை இதற்கு நேர் எதிர். தாள், அச்சுக்கூலி, விளம்பரம் எல்லாம் எழுதியவர் தலையில். பதிப்பாளர் 10 சதவீதம்போல எடுத்துக்கொண்டு விற்றுக் கொடுப்பார். உரிமை எழுதியவரிடமே இருக்கும். ஆஸ்டினின் ‘சென்ஸ் அண்ட் சென்சிபிலிட்டி’ 1811இல் பதிப்பாளர் தாமஸ் எகர்டனிடம் இப்படித்தான் வந்தது. நஷ்டம் வந்தால் கட்டுவதற்கென்று தன் சிறு வருமானத்திலிருந்து ஆஸ்டின் பணம் ஒதுக்கி வைத்திருந்தார். ஆனால் முதல் பதிப்பு 140 பவுண்டு லாபம் தந்தது. அந்த லாபம் தெரியவரும் முன்பே, 1812 நவம்பரில், ‘பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்’ உரிமையை அதே எகர்டனுக்கு 110 பவுண்டுக்கு விற்றுவிட்டார், கேட்டது 150. 1813இலேயே அது இரண்டு பதிப்பு கண்டது. அவருக்குக் கூடுதலாக ஒரு பென்னி வரவில்லை. என் பார்வையில் அவர் வியாபாரத்தில் செய்த ஒரே உண்மையான தவறு இது. அதிலும் எட்டு மாதம் பொறுத்திருந்தால் போதும்.

கமிஷனில் எழுத்தாளரைக் கவிழ்ப்பது பிரதி எண்ணிக்கை. ஈய எழுத்து விலை அதிகம் என்பதால், அச்சானதும் கோத்த பக்கங்களைக் கலைத்து அடுத்த வேலைக்கு எடுத்துக்கொள்வார்கள். குறைவாக அடித்தால் மறுபதிப்புக்கு முதலிலிருந்து எழுத்துக் கோக்க வேண்டும். கூடுதலாக அடித்தால் பணம் தாளாகக் கிடங்கில் தூங்கும். அன்று செலவில் பெரும்பங்கு தாளுக்கே. போர்க்காலம், போதாததற்குத் தாள் வரி வேறு.

ஆஸ்டினுக்குப் பின்னாளில் பதிப்பாளரான ஜான் மர்ரியிடம் நடந்தது இதற்குச் சரியான உதாரணம். ‘எம்மா’, ‘மான்ஸ்ஃபீல்டு பார்க்’, ‘சென்ஸ் அண்ட் சென்சிபிலிட்டி’ மூன்றின் உரிமைக்கும் சேர்த்து அவர் 450 பவுண்டு தர முன்வந்தார். ஆஸ்டின் மறுத்துக் கமிஷனில் போட்டார். 1815 கடைசியில் வந்த ‘எம்மா’ 2000 பிரதி, விலை 21 ஷில்லிங். சுமார் பத்து மாதத்தில் 1248 விற்று, லாபம் 221 பவுண்டு 6 ஷில்லிங் 4 பென்ஸ். அதே கணக்கில் ‘மான்ஸ்ஃபீல்டு பார்க்’ இரண்டாம் பதிப்பு 750 பிரதியும் இருந்தது. அது தேங்கி, 182 பவுண்டு 8 ஷில்லிங் 3 பென்ஸ் நஷ்டம். மர்ரி இரண்டையும் கழித்தார். கைக்கு வந்தது 38 பவுண்டு 18 ஷில்லிங் 1 பென்னி. இரண்டு புத்தகத்துக்கும் தனித்தனிக் கணக்கு என்று பேசியிருந்தாலும் நஷ்டம் நஷ்டம்தான், ஆனால் ‘எம்மா’வின் பணம் முதலில் வந்திருக்கும்.

சந்தா முறையில் நூல் வரும் முன்பே வாசகர்கள் பணம் கட்டுவார்கள், அதற்கு ஆள் பலம் வேண்டும். பர்னி ராணி சார்லட்டின் அரண்மனையில் பணிபுரிந்தவர் என்பதால், 1796இல் ‘கமில்லா’வுக்கு ஒரு கினி வீதம் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் முன்பணம் கட்டினார்கள். பெயர்ப் பட்டியல் நூலின் முன்னால் அச்சானது. அதில் ஸ்டீவன்டன் ஊர் மிஸ் ஜே. ஆஸ்டினும் உண்டு. உரிமையைப் பர்னி தனியே 1000 பவுண்டுக்கு விற்றார். வீடு கட்டும் அளவுக்குப் பணம் வந்தது. பெயரை மறைத்து எழுத விரும்புபவருக்கோ, பெரிய இடத்துத் தோழிகள் இல்லாதவருக்கோ இது ஒத்துவராது.

செலவு போக மிஞ்சும் லாபத்தைப் பதிப்பாளரும் எழுதியவரும் பிரித்துக்கொள்ளும் லாபப் பங்கு முறை பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மேரி ஷெல்லியின் ‘ஃபிராங்கன்ஸ்டைன்’ 1818இல் 500 பிரதி அச்சாகி, பங்காக வந்தது 41 பவுண்டுச் சொச்சம்.

எந்த வழி போனாலும் மணமான பெண்ணுக்கு இன்னொரு சிக்கல் காத்திருந்தது: சட்டப்படி அவள் சம்பாத்தியம் கணவனுடையது. கடனாளிக் கணவரைப் பிரிந்து, எழுதியே பிள்ளைகளை வளர்த்த சார்லட் ஸ்மித்தின் பணத்துக்கும் அந்தக் கணவர் உரிமை கொண்டாட முடிந்தது. ஆஸ்டினுக்கு மணமாகாததே இந்த விஷயத்தில் ஒரு சொத்து.

அவர் மறுத்த அந்த 450? 1821இல் மர்ரி மிச்சமிருந்த ‘எம்மா’ பிரதிகளை 2 ஷில்லிங்குக்குத் தள்ளிவிட்டார். ஆஸ்டின் மறைந்த பின், 1832இல் பதிப்பாளர் ரிச்சர்டு பென்ட்லி, ‘பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்’ நீங்கலாக ஐந்து நாவல்களின் உரிமைக்கு ஆஸ்டினின் அண்ணனுக்கும் அக்காவுக்கும் கொடுத்தது 210 பவுண்டு.