தொடக்கப் பள்ளியும் சிறப்புக் கல்வியும்: சேர்த்துப் படிப்பதா, ஒன்றன்பின் ஒன்றாகவா?

தொடக்கப் பள்ளி வகுப்பாசிரியர், மாற்றுத்திறன் குழந்தைகளுக்குக் கற்பிக்கும் சிறப்பாசிரியர் என்ற இரண்டு தகுதிகளும் வேண்டும் என்பவர்களுக்கு மூன்று வழிகள் உண்டு. இரண்டையும் ஒரே படிப்பாகப் படிக்கலாம். முதலில் தொடக்கக் கல்விப் பயிற்சியை முடித்து, சில ஆண்டுகள் வகுப்பெடுத்த பிறகு சிறப்புக் கல்விக்குப் போகலாம். அல்லது சிறப்புக் கல்வியில் தொடங்கிப் பின்னர் பொது வகுப்புக்கு வரலாம். கல்லூரிகளின் கையேடுகளில் முதல் வழிக்குத்தான் மவுசு. ஒரே கட்டணம், இரண்டு சான்றிதழ்கள் என்றால் யாருக்குத்தான் கசக்கும்?

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சேர்த்துப் படிப்பது நல்ல வழிதான், ஆனால் இரண்டு பயிற்சிகளும் ஒரே வகுப்பறையில் சந்திக்கும் படிப்பாக அது இருக்க வேண்டும். காலையில் ஒரு துறை, மாலையில் இன்னொரு துறை என்று தனித்தனியாக நடத்திவிட்டு, கடைசியில் இரண்டு தாள்களைக் கையில் கொடுக்கும் படிப்பு என்றால், முதலில் வகுப்பாசிரியராகி, பிறகு சிறப்புக் கல்விக்குப் போவதே மேல்.

இரண்டு தகுதிகளும் ஒருவருக்கு ஏன் தேவைப்படுகின்றன என்பதற்கு நீண்ட விளக்கம் வேண்டாம். 1994-இல் ஸ்பெயினின் சலமான்கா நகரில் 92 அரசுகளின் பிரதிநிதிகள் கூடி, எல்லாக் குழந்தைகளுக்கும் இடமளிக்கும் பொதுப் பள்ளியே இலக்கு என்று அறிவித்தார்கள். அமெரிக்காவில் 1975-ஆம் ஆண்டுச் சட்டம் மாற்றுத்திறன் குழந்தைகளுக்குப் பொதுப் பள்ளியின் கதவைத் திறந்தது. இன்று அங்கே சிறப்புக் கல்வி பெறும் மாணவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர், பள்ளி நேரத்தில் 80 விழுக்காட்டுக்கு மேல் பொது வகுப்பிலேயே இருக்கிறார்கள். குழந்தைகள் ஒரே அறைக்கு வந்துவிட்டார்கள். ஆசிரியர்களின் பயிற்சிதான் இன்னும் பல இடங்களில் இரண்டு கட்டடங்களில் நடக்கிறது.

இரண்டு பயிற்சிகளும் எதைக் கற்றுத்தருகின்றன?

இதைப் புரிந்துகொள்ளாமல் மூன்று வழிகளையும் ஒப்பிட முடியாது. ஒரு கணக்கை எடுத்துக்கொள்வோம். 52-இலிருந்து 27-ஐக் கழிக்கச் சொன்னால், ஒரு குழந்தை 35 என்று எழுதுகிறது. ஐந்தில் இரண்டு போக மூன்று. ஏழில் இரண்டு போக ஐந்து. எந்த இலக்கம் பெரியதோ அதிலிருந்து சிறியதைக் கழித்திருக்கிறது.

தொடக்கக் கல்விப் பயிற்சி பெற்றவருக்கு இந்தத் தவறு பழக்கமானது. கடன் வாங்கிக் கழித்தலைப் புதிதாகக் கற்கும் குழந்தைகள் பலர் இப்படித்தான் எழுதுவார்கள் என்று அவருக்குத் தெரியும். இதற்கு முன்னால் இடமதிப்பு எப்படி நடத்தப்பட்டது, இதற்குப் பின்னால் எந்தப் பாடம் இதை நம்பி நிற்கிறது, இன்று எத்தனை நிமிடம் ஒதுக்கலாம், மற்ற முப்பது பேரை அதுவரை எதில் ஈடுபடுத்துவது என்பதெல்லாம் அவர் கைவசம் இருக்கும். அவருடைய பார்வை வகுப்பு முழுவதையும் அளப்பது. பாடங்களின் வரிசையும் வயதுக்கேற்ற வளர்ச்சியும் அவருடைய மூலதனம்.

சிறப்புக் கல்விப் பயிற்சி பெற்றவர் அதே தவறை வேறு விதமாகப் பார்ப்பார். பத்துப் பத்தாகக் கட்டிய குச்சிகளை அந்தக் குழந்தையால் அவிழ்த்து எண்ண முடிகிறதா? முடிந்தால், அதையே படமாக வரைந்தால் புரிகிறதா? அதுவும் முடிந்தால், எண்ணாக எழுதும்போது எந்த இடத்தில் தடுமாறுகிறது? பொருள், படம், குறியீடு என்ற இந்த மூன்று படிகளும் அவருக்கு அன்றாடக் கருவி. ஒரு செயலைச் சிறு சிறு படிகளாகப் பிரிப்பது, எந்தப் படியில் எவ்வளவு உதவி தருவது, அந்த உதவியை எப்போது விலக்கிக்கொள்வது, ஒவ்வொரு நாளும் நடந்ததை எப்படிப் பதிவு செய்வது என்பவை அவருடைய தொழில். குழந்தை மேசையைத் தட்டிக் கத்துகிறது என்றால், கத்துவதற்குச் சற்று முன் என்ன நடந்தது, கத்திய பின் அதற்கு என்ன கிடைத்தது என்று கவனிப்பார்; கண்டிப்பதைப் பற்றி அதன் பிறகுதான் யோசிப்பார். தனிநபர் கல்வித் திட்டம் எழுதுவது, பெற்றோரோடும் பேச்சுப் பயிற்சியாளரோடும் உட்கார்ந்து பேசுவது ஆகியவையும் இந்தப் பயிற்சியில் சேர்ந்தவை.

முன்னவருக்குக் குழந்தை எங்கே போய்ச் சேர வேண்டும் என்று தெரியும். பின்னவருக்கு அது இப்போது எங்கே நிற்கிறது என்று தெரியும். இரண்டில் ஒன்று இல்லாமல் வகுப்பு நடத்துபவர்கள் நிறைய உண்டு. நடக்கத்தான் செய்கிறது, ஆனால் யாரோ ஒரு குழந்தை அதற்கு விலை கொடுக்கிறது.

சேர்த்துப் படித்தால்

இதன் பெரிய லாபம் பழக்கம். பாடக்குறிப்பு எழுதக் கற்றுக்கொள்ளும் முதல் நாளிலிருந்தே, வாசிக்கத் திணறும் குழந்தை இதில் எப்படிப் பங்கெடுக்கும், பேச முடியாத குழந்தை தனக்குத் தெரிந்ததை எப்படிக் காட்டும் என்ற கேள்விகளோடு எழுதுவார்கள். பத்தாண்டுகள் ஒரே பாணியில் பாடம் நடத்திவிட்டுப் பிறகு இதைக் கற்றுக்கொள்வது கடினம். 'இவர் உங்கள் பிள்ளை, அவர் எங்கள் பிள்ளை' என்று ஆசிரியர் அறையில் நடக்கும் பங்கு பிரிப்பும் இவர்களிடம் குறைவாக இருக்கும்.

நட்டம் நேரத்தில் வருகிறது. வாசிப்புக் கற்பித்தல் மட்டுமே ஒரு பெரிய துறை; ஒலிகளைப் பிரித்தறிவதில் தொடங்கிச் சரளமாக வாசித்துப் பொருள் கொள்வது வரை அதைச் சரியாகப் படிக்கவே மாதங்கள் ஆகும். அதோடு கணக்கு, அறிவியல், சமூகவியல், அதன்மேல் மதிப்பீடு, நடத்தைப் பகுப்பாய்வு, சட்டம். பல இரட்டைத் தகுதிப் படிப்புகளில் அடிபடுவது கற்பித்தல் பயிற்சிதான். அரைப் பருவம் ஒரு பொது வகுப்பு, அரைப் பருவம் தனி அறையில் நான்கைந்து குழந்தைகள். இப்படிப் பிரித்தால் ஒரு வகுப்பின் முழு ஆண்டு ஓட்டத்தையும் பார்க்க முடியாது, ஒரு குழந்தையின் மெதுவான முன்னேற்றத்தையும் பார்க்க முடியாது.

ஆகவே சேர்வதற்கு முன் கல்லூரியிடம் கேட்க வேண்டிய முக்கியமான கேள்வி, பயிற்சிக்கு எந்த வகுப்பில் உட்காரவைப்பீர்கள் என்பது. மாற்றுத்திறன் குழந்தைகளும் மற்றவர்களும் சேர்ந்து படிக்கும் வகுப்பில், இரு ஆசிரியர்கள் இணைந்து கற்பிக்கும் இடத்தில் நீண்ட காலம் இருக்கலாம் என்றால் தயங்காமல் சேரலாம். பதில் மழுப்பலாக வந்தால் வேறு இடம் பார்ப்பது நல்லது. இரு துறைப் பேராசிரியர்களும் சேர்ந்து ஒரு பாடத்தையாவது நடத்துகிறார்களா என்றும் கேளுங்கள்; அந்தக் கேள்விக்கு வரும் முகபாவமே பாதி பதில்.

முதலில் வகுப்பாசிரியர், பிறகு சிறப்பாசிரியர்

பின்லாந்தில் வகுப்பாசிரியராவதற்கே முதுகலைப் பட்டம் வேண்டும். ஏற்கெனவே ஆசிரியத் தகுதி உள்ளவர் அதன்மேல் 60 கிரெடிட் அளவுக்கு, அதாவது சுமார் ஓராண்டுப் படிப்பு அளவுக்குச் சிறப்புக் கல்வி படித்துச் சிறப்பாசிரியராக முடியும். இங்கிலாந்திலும் பள்ளியின் சிறப்புக் கல்வித் தேவைகளை ஒருங்கிணைப்பவர் தகுதி பெற்ற ஆசிரியராக இருந்தே ஆக வேண்டும். அந்தப் பொறுப்புக்கான பயிற்சி பிறகுதான். இந்த வரிசையில் ஒரு நியாயம் இருக்கிறது. ஆறு வயதுக் குழந்தைகள் நூறு பேரைப் பார்த்தவருக்குத்தான், எது சாதாரணத் தாமதம், எது கவனிக்க வேண்டிய அறிகுறி என்று கண்ணில் படும். சக ஆசிரியர்களிடம் ஆலோசனை சொல்லப் போகும்போதும், 'முப்பது பேரை வைத்துக்கொண்டு இதைச் செய்து பார்த்தீர்களா?' என்ற கேள்விக்குத் தடுமாற வேண்டியதில்லை.

இதன் ஆபத்து, இரண்டாவது படி வராமலே போவது. வேலை, குடும்பம், மாதச் சம்பளம் என்று வந்த பிறகு மறுபடியும் முழுநேர மாணவராவதற்கு எல்லாராலும் முடியாது. பகுதிநேரமாகப் படிக்க நேர்ந்தால், தான் வேலை செய்யும் வகுப்பையே பயிற்சிக் களமாக ஏற்கும் படிப்பைத் தேடுங்கள். அன்று மாலை படித்ததை மறுநாள் காலை செய்து பார்க்க முடிவது, கல்லூரிப் பருவத்தில் எவருக்கும் கிடைக்காத வசதி.

முதலில் சிறப்பாசிரியர்

மூன்றாவது வழியைப் பலர் விரும்பித் தேர்ந்தெடுப்பதில்லை. வேலை அங்கே கிடைக்கிறது என்பதால் வந்து சேர்கிறார்கள். சிறப்பாசிரியர் பற்றாக்குறை நாடு பார்ப்பதில்லை. இந்தியாவில் தொடக்க நிலையில் பத்து மாற்றுத்திறன் மாணவர்களுக்கு ஒரு சிறப்பாசிரியர் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2021-இல் வகுத்தது. அமெரிக்காவில், வறிய பகுதிப் பள்ளிகளில் தொடர்ந்து ஐந்தாண்டுகள் பணிபுரியும் தகுதியான சிறப்பாசிரியருக்கு 17,500 டாலர் வரை கூட்டரசுக் கல்விக் கடன் தள்ளுபடி உண்டு. அதே பள்ளியின் தொடக்க வகுப்பாசிரியருக்கு 5,000 டாலர் வரைதான்.

விதிகளும் இந்த வழிக்குச் சில இடங்களில் சாதகம். இந்தியாவில் பொது ஆசிரியர் பயிற்சியைத் தேசிய ஆசிரியர் கல்விக் குழுமமும், சிறப்புக் கல்வியை 1992-ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த இந்திய மறுவாழ்வுக் குழுமமும் கவனிக்கின்றன. இரண்டாண்டுச் சிறப்புக் கல்விப் பட்டயம் பெற்றவர், தகுதித் தேர்விலும் தேறினால் ஒன்று முதல் ஐந்து வரையான வகுப்புகளுக்கு நியமிக்கப்படலாம் என்றும், சேர்ந்த பிறகு ஆறு மாதத் தொடக்கக் கல்விப் பயிற்சியை முடிக்க வேண்டும் என்றும் ஆசிரியர் கல்விக் குழுமத்தின் விதி சொல்கிறது. மறுதிசையில் அப்படிக் குறுக்குவழி இல்லை. தொடக்கக் கல்விப் பட்டயம் மட்டும் உள்ளவர் மறுவாழ்வுக் குழுமம் ஏற்ற படிப்பைப் படித்து, அதன் பதிவேட்டில் பெயர் சேர்த்தால்தான் சிறப்பாசிரியர்.

கவனிக்கும் பொறுமையும் பதிவு செய்யும் ஒழுங்கும் இவர்களிடம் உறுதியாக இருக்கும். குறை என்று பார்த்தால், பல ஆண்டுகள் சிறு குழுவிலேயே இருந்தவருக்கு அந்த வயதுப் பாடத்திட்டம் எவ்வளவு கேட்கிறது என்பது மங்கிவிடுவதுதான். அன்பால்தான் எதிர்பார்ப்பைக் குறைக்கிறார்கள். குறைத்த எதிர்பார்ப்பு குழந்தைக்கு உதவுவதில்லை. ஆண்டுக்குச் சில வாரமாவது பொது வகுப்பு ஒன்றை முழுதாக நடத்திப் பார்த்தால் இது சரியாகும்.

எந்த வழியில் வந்தாலும் வேலையில் ஒரு சிக்கல் காத்திருக்கிறது. இரண்டு தகுதிகள் உள்ளவரைப் பள்ளி எங்கே ஆள் இல்லையோ அங்கே போடும். வகுப்பு நடத்தும் ஆசையோடு வந்தவர் ஆண்டுக்கணக்காகத் தனி அறையிலேயே இருக்க நேரலாம். இணைக் கற்பித்தல் என்ற பெயரில், ஒருவர் பாடம் நடத்த மற்றவர் நோட்டுப் புத்தகம் திருத்திக்கொண்டு சுற்றிவரும் ஏற்பாடும் மிகப் பரவலானது. நியமன ஆணையில் எந்தப் பணி என்று எழுதியிருக்கிறது எனப் பார்த்துவிட்டுக் கையெழுத்திடுங்கள்.

பார்வைத்திறன் அல்லது செவித்திறன் குறைபாடுள்ள குழந்தைகளிடம்தான் மனம் போகிறது என்பவர்களுக்கு மட்டும் மேலே சொன்ன வரிசை பொருந்தாது. பிரெய்லும் சைகை மொழியும் ஒரு பருவத்துத் துணைப்பாடமாகக் கற்று முடிவதில்லை. மாற்றுத்திறனாளிகள் உரிமைகளுக்கான 2006-ஆம் ஆண்டு ஐ.நா. உடன்படிக்கையும் தன் 24-ஆம் பிரிவில், இவற்றில் ஒன்றிலோ இரண்டிலுமோ தேர்ச்சி பெற்ற ஆசிரியர்களை நியமிக்க வேண்டும் என்று தனியாகவே குறிப்பிடுகிறது. அவர்கள் அந்தச் சிறப்புப் படிப்பை முழுதாக முடித்துவிட்டு, தொடக்கக் கல்வித் தகுதியைப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம்.