அப்பா அரங்கில் வைத்த மெழுகு டப்பா

கார் மெழுகு டப்பாவின் மூடியைத் திறந்தேன். மேலே ஒரு விரற்கடைக்கு எண்ணெய் மிதந்தது. அதற்குக் கீழே ரவை மாதிரி மெழுகு, நடுநடுவே மணல். காலையில் நான் கொடுத்தபோது உறைந்த நெய் போல வழவழவென்று இருந்த டப்பா அது.

இந்த முறை ஊருக்குப் போனது தங்கை மகள் கல்யாணத்துக்காக. பெண்ணை மண்டபத்துக்குத் தாத்தா காரில்தான் கூட்டிப் போக வேண்டும் என்பது அம்மாவின் ஆசை. அப்பாவின் அம்பாசடர் 1994ஆம் வருட வண்டி. 2003இல் பாளையங்கோட்டை பெயிண்டர் அண்ணாச்சி கருநீலத்தில் என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) பெயிண்ட் அடித்துக் கொடுத்தார். அப்பா போன பிறகு ஷெட்டில்தான் நிற்கிறது. நான் ஒவ்வொரு முறை வரும்போதும் பேட்டரி போட்டு ஓட்டிப் பார்ப்பதோடு சரி. இந்தத் தடவை மெழுகு போட்டே தீருவது என்று முடிவு செய்திருந்தேன்.

நான் இருக்கும் கனடாவின் எட்மன்டனிலிருந்து டப்பா கொண்டுவர முடியாது. அதில் கலந்திருக்கும் கரைப்பான் சீக்கிரம் தீப்பற்றும் சரக்கு, விமானத்தில் விடமாட்டார்கள். அதனால் சென்னையில் இறங்கியதும் ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக்குப் போய் நல்ல கார்னாபா பேஸ்ட் ஒன்று வாங்கினேன், பிரேசில் பனை ஓலையிலிருந்து எடுக்கும் மெழுகு சேர்ந்த பசை. நெல்லை எக்ஸ்பிரஸில் ராத்திரி முழுக்கத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு வந்தேன். பைபாஸ் ரோட்டில் புதிதாக ஒரு வாட்டர் வாஷ் கடை. தண்ணீர் அடித்துக் கழுவிய வேலையில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. மெழுகை மட்டும் கையால், நிழலில் வைத்துப் போடுங்கள் என்று சொல்லி டப்பாவைக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். அங்கேயே நின்றிருக்க வேண்டும்.

கத்திரி வெயில். கடைப் பையன் மூடியைக் கழற்றி, டப்பாவைக் காரின் டாஷ்போர்டிலேயே வைத்துவிட்டு, கண்ணாடியை ஏற்றிவிட்டுச் சாப்பிடப் போயிருக்கிறான். மே மாத வெயிலில் நிற்கும் வண்டியின் டாஷ்போர்டு 70 டிகிரியைத் தாண்டுவது சாதாரணம். கார்னாபா மெழுகு உருக 82 டிகிரிக்கு மேல் வேண்டும் என்பது உண்மைதான். ஆனால் டப்பாவில் இருப்பது தனிக் கார்னாபா இல்லை. இன்னும் மென்மையான மெழுகுகளும் எண்ணெயும் கரைப்பானும் சேர்ந்த பசை அது. தேன்மெழுகே 62, 64 டிகிரியில் இளகிவிடும். கரைப்பான் கலந்தது அதற்கும் முன்பே இளகும். இளகியது மறுபடி மெதுவாக ஆறும்போது ஒன்றாக உறையாது. எண்ணெய் தனியே மேலே வந்துவிடும், மெழுகு திரிதிரியாகக் கீழே தங்கிவிடும். அதைப் பூசினால் ஓரிடத்தில் பிசுபிசு, ஓரிடத்தில் துடைக்கவே வராத வெள்ளைத் திட்டு.

அது மட்டும் என்றால் பொறுத்திருப்பேன். சாப்பிட்டு வந்த பையன் டப்பாவை எடுத்துத் தரையில் வைத்து, ஸ்பாஞ்சையும் தரையில் போட்டு, அதே ஸ்பாஞ்சால் மெழுகை எடுத்து பானெட்டில் தேய்த்திருக்கிறான். கருநீலத்தில் மணல் கோடு எப்படித் தெரியும் என்று சொல்ல வேண்டியதில்லை. வெயிலில் சாய்த்துப் பார்த்தால் பானெட் முழுக்க வட்டம் வட்டமாகச் சிலந்திவலை. கதவோர ரப்பர் பீடிங்கில் எல்லாம் வெள்ளை அப்பியிருந்தது.

கடைக்காரர் சொன்னது இதுதான்: “மெழுகுதான சார், ஆறினா இறுகிரும்.”

எனக்கு வந்த கோபம் காசுக்காக வந்தது இல்லை. எட்மன்டனில் வண்டி கழுவித்தர ஆள் தேட முடியாது, தேடினாலும் கட்டுப்படியாகாது. எல்லாம் நாமேதான். அக்டோபரில், பனி விழும் முன், சாலையில் உப்பும் மணலும் கொட்டத் தொடங்கும் முன் ஒரு கோட்டு மெழுகு போட்டால்தான் வண்டி மார்ச் வரை தாங்கும். அதனால் ஒரு டப்பாவை எப்படி வைத்துக்கொள்வது என்று தானாகவே படிந்துவிட்டது. 2016இல் வாங்கிய டப்பா இன்னும் பாதி இருக்கிறது, இன்னும் வழவழவென்று இருக்கிறது. குளிரால் அதற்கு ஒரு கெடுதலும் இல்லை. மைனஸ் 25இல் கராஜில் கல்லாகிவிடும். முந்தின ராத்திரி வீட்டுக்குள் கொண்டுவந்து வைத்தால் காலையில் பழையபடி ஆகிவிடும். அடுப்புப் பக்கம் மட்டும் கொண்டு போகக் கூடாது. வெயிலும் திறந்து கிடக்கும் மூடியும்தான் அதற்கு எமன். இங்கே வந்து, மெழுகு போடுவதையே தொழிலாக வைத்திருப்பவர்களிடம் ஒரே மத்தியானத்தில் இரண்டும் சேர்ந்து நடந்ததைத் தாங்க முடியவில்லை.

அப்பா இதெல்லாம் எங்கும் படித்தவர் இல்லை. எங்கள் வீட்டில் டப்பா இருந்த இடம் அரங்கு. ஜன்னல் இல்லாத, நடுப்பகலிலும் குளிர்ந்து கிடக்கும் அந்த அறையில், அரிசிக் குதிருக்குப் பக்கத்து மாடத்தில், பழைய பனியன் துணியில் சுற்றி வைத்திருப்பார். மண்பானைப் பக்கம் வைக்க விடமாட்டார், ஈரத்தில் டப்பா விளிம்பு துருப்பிடித்து, துரு மெழுகில் விழும். அதே மாடத்தில்தான் அம்மாவின் கற்பூர டப்பாவும் இருக்கும், நாலு மிளகு போட்டு இறுக மூடியபடி. கற்பூரம் காற்றில் போய்விடாமல் அம்மா காத்தது மாதிரிதான் அப்பா மெழுகைக் காத்தார். மூடி சரியாக உட்காராத டப்பாவில் கரைப்பான் பறந்துபோகும். மெழுகு ஓரம் விட்டுச் சுருங்கி, நடுவில் வெடித்து, வறண்ட களிமண் ஆகிவிடும். ஞாயிற்றுக்கிழமை டப்பாவைத் திறக்கும்போது வரும் அந்த வாசனை இப்போதும் மூக்கில் இருக்கிறது. ஒரு சுற்று துணியால் எடுப்பார், உடனே மூடிவிடுவார். ஒரு கதவு முடிந்தபின்தான் மறுபடி திறப்பார். விரலை விட்டால் கையில் அடி விழும்.

சாயந்திரம் அந்த டப்பாவை எடுத்துக்கொண்டு பெயிண்டர் அண்ணாச்சி பட்டறைக்குப் போனேன். எழுபது வயதைத் தாண்டியிருப்பார். “எப்ப தம்பி வந்திய?” என்று கேட்டவர், வண்டியைப் பார்த்ததும் என்னை விட்டுவிட்டு பானெட் பக்கம் போய்விட்டார். உள்ளங்கையால் தடவிப் பார்த்தார். “மண்ணு போட்டுத் தேச்சிருக்கானுவ” என்றார்.

டப்பாவை வாங்கிப் பார்த்தார். தூக்கிப் போடச் சொல்வார் என்று நினைத்தேன். எண்ணெயைக் கொட்டவில்லை, சாய்த்து ஒரு கிண்ணத்தில் எடுத்து, பனியன் துணியில் வடிகட்டினார். பட்டி பூசும் தகட்டால் மணல் பட்ட மேல்பகுதியைக் கால் அங்குலம் வழித்து எறிந்தார். வடிகட்டிய எண்ணெயைத் திரும்ப ஊற்றினார். பிறகு ஒரு சட்டியில் வெந்நீர் எடுத்துக்கொண்டு, அடுப்பிலிருந்து நன்றாகத் தள்ளி, வாசல் பக்கம் வைத்தார். பீடி குடித்துக்கொண்டிருந்த இன்னொருவரை வெளியே போகச் சொன்னார். டப்பாவை வெந்நீரில் பாதி உயரத்துக்கு மட்டும் நிற்க வைத்து, சுத்தமான குச்சியால் கிண்டிக்கொண்டே இருந்தார். ஒன்றாகச் சேர்ந்ததும் எடுத்து, இறுகும் வரை கிண்டுவதை நிறுத்தவில்லை. சும்மா ஆறவிட்டால் மறுபடியும் பிரிந்துகொள்ளும் என்றார்.

அதற்குப் பிறகு செய்ததுதான் எனக்குத் தெரியாதது. பாலித்தீன் ஒன்றை வட்டமாக வெட்டி, மெழுகின் மேலேயே ஒட்டினாற்போல் படிய வைத்து, அதன் மேல் மூடியை அழுத்தினார். பெயிண்ட் டப்பாவில் ஆடை படியாமல் இருக்க அவர்கள் காலம்காலமாகச் செய்வதாம். பாதி தீர்ந்த டப்பாவில் மூடிக்கும் மெழுகுக்கும் நடுவே இருக்கும் காற்றிலேயே கரைப்பான் போய்விடும், அது போக இடம் இல்லாமல் செய்வதுதான் வேலை. பத்து வருடமாக டப்பா வைத்திருக்கிறேன், இந்தச் சின்ன விஷயம் எனக்குத் தோன்றியதே இல்லை. ஸ்பாஞ்சை டப்பாவுக்குள்ளேயே வைத்து மூடும் பழக்கத்தையும் விடச் சொன்னார். அதில் இருக்கும் ஈரமும் தூசியும் மெழுகுக்குத்தான் போகும். சோப்பில் அலசி, காயவைத்து, தனிக் கவரில் போட வேண்டும்.

மறுநாள் பானெட்டை ரப்பிங் காம்பவுண்டு (கீறலைத் தேய்த்து எடுக்கும் பசை) போட்டுக் கையாலேயே எடுத்தார், கோடு முக்கால்வாசி போய்விட்டது. மெழுகு போடும்போது துணியில் கருநீலம் ஏறியதைப் பார்த்துப் பயந்தேன். “க்ளியர் கோட் இல்லாத பெயிண்டு தம்பி, மேல கண்ணாடி மாதிரி பூச்சு கெடையாது, பழசு கொஞ்சம் வரத்தான் செய்யும்” என்றார். கூலி கேட்டதற்கு அப்பாவைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார். வற்புறுத்தித்தான் கொடுத்தேன்.

கல்யாணத்தன்று மண்டப வாசலில் பானெட்டில் தோரண விளக்கு தெரிந்தது.

கிளம்பும் முன் டப்பாவைப் பனியன் துணியில் சுற்றி, அரங்கில் பழைய மாடத்தில் வைத்துவிட்டு வந்தேன். நேற்று அம்மாவிடம் பேசும்போது கேட்டேன். “மூடியை மட்டும் திறந்து பாத்தேன், அந்தத் தாளை எடுக்கல, அப்படியேதான் இருக்கு” என்றாள். சரியாக அழுத்தி மூடினாயா என்று கேட்டதற்கு, கற்பூர டப்பாவை அதன் மேல் ஏற்றி வைத்திருப்பதாகச் சொன்னாள்.