கச்சான் வெயிலுக்கும் சீமெந்துத் தரைக்கும் ஈடுகொடுத்த பந்து

மட்டக்களப்பில் திறந்தவெளியில் ஆடும் ஒரு கல்லூரிக் கூடைப்பந்து அணிக்குப் பந்து வாங்கப் போகிறீர்களா? பளபளக்கும் கம்போசிட் (செயற்கைத் தோல்) பந்தைக் கடையிலேயே விட்டுவிட்டு நல்ல ரப்பர் பந்தாக எடுங்கள். எங்கள் கல்லூரி ஆண்கள் அணி இந்தப் பருவம் முழுக்கப் பயிற்சி எடுத்தது மோல்டன் கம்பனியின் ரப்பர் பந்தில்தான். ஆண்களுக்கான ஏழாம் இலக்க அளவு, எடை சுமார் 600 கிராம்.

அதற்கு முந்திய பருவத்தில் வெளிநாட்டில் இருக்கும் பழைய மாணவர் ஒருவர் ஆசையோடு கம்போசிட் பந்துகள் அனுப்பியிருந்தார். எந்தக் கம்பனி என்பது வேண்டாம். கையில் பிடிக்க மெத்தென்று இருக்கும், பொடியன்மாருக்குச் சரியான சந்தோசம். பிறகு கச்சான் என்கிற வறண்ட, சூடான காற்று தொடங்கியது. மணல் படிந்த சீமெந்துத் தரை அரம் மாதிரி, மேல்தோலை ராவி எடுத்துவிடும். முதலில் பந்து வழுவழுப்பானது, பிறகு துண்டுகள் சேரும் வரியோரம் தோல் உரிந்தது, கடைசியில் உள்ளே சுற்றியிருக்கும் நூலே தெரிந்தது. ஒரு பந்து ஒரு பக்கம் புடைத்து, தரையில் தட்டி டிரிபிள் பண்ணினால் எந்தப் பக்கம் துள்ளும் என்றே சொல்ல முடியாமல் போனது. அதில் பயிற்சி எடுத்த பிள்ளை மட்ச்சில் எப்படித் தன் கையை நம்பும்?

ரப்பர் பந்தில் உரிவதற்கென்று மெல்லிய தோல் கிடையாது. மேலே உள்ள புள்ளிகள் மெதுவாகத்தான் தேயும். எங்கள் பந்துகளில் இப்போது வால்வைச் சுற்றி மட்டும் கொஞ்சம் தேய்ந்திருக்கிறது, வரிகள் இன்னும் ஆழமாகவே இருக்கின்றன. வழக்கமான பந்தில் 8 துண்டுகள், இதில் 12. இந்த 12 துண்டு அமைப்பை மோல்டன் 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில்தான் பெரிய அரங்குக்குக் கொண்டுவந்தது. வரிகள் கூடினால் விரல் நுனிக்கு வரி சீக்கிரம் அகப்படும். ஆட்டத்தை நடத்தும் எங்கள் பொயின்ட் கார்ட் முதல் கிழமையிலேயே, "அண்ணா, பாக்காமலே கை வரிக்குப் போகுது" என்றான். அவன் பாஸ் கொடுக்கும் வேகத்தில் அந்த வித்தியாசம் தெரிந்தது.

ரப்பருக்கே உரிய குறைகளும் உண்டு. வியர்வை பட்டால் வழுக்கும், ஒரு துவாய் பக்கத்தில் இருக்க வேண்டும். துள்ளலும் கடுமையாக இருக்கும், கை அதற்கே பழகிவிடும். கொழும்பில் உள்ளரங்கில் கம்போசிட் பந்தைக் கையில் கொடுத்ததும் முதல் குவாட்டரில் எங்கள் பொடியன்மாரின் எறிகள் எல்லாம் வளையத்தின் பின்பக்கத்தில் அடித்தன. ஆகவே ஒரேயொரு கம்போசிட் பந்தை வாங்கிப் பூட்டி வையுங்கள். வெளியூர்ப் போட்டி நெருங்கும்போது மட்டும் ஏதாவது மண்டபத்துக்குள் எடுத்துக் கை பழகட்டும்.

இவ்வளவு கவனம் ஒரு பந்துக்கா என்று கேட்பவர்களுக்கு: இது கூடைப்பந்து ஊர். அமெரிக்காவிலிருந்து வந்த இயேசு சபைத் துறவிகள் இங்கே பிள்ளைகளுக்கு இந்த விளையாட்டைச் சொல்லிக் கொடுத்தார்கள். வெபர் அடிகளாரின் பெயரில் மைதானமே இருக்கிறது. புனித மிக்கேல் கல்லூரிப் பிள்ளைகளைப் பயிற்றுவித்த யூஜின் ஹெபயர் அடிகளார் 1990 ஓகஸ்ட் 15 அன்று வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்கு வரும் வழியில் காணாமல் போனார். அவர்கள் தொடக்கி வைத்த ஆட்டத்தை உரிந்த பந்தோடு பிள்ளைகள் ஆடுவதைப் பார்க்க எனக்கு மனம் வராது.

சரி, பராமரிப்புக்கு வருவோம். நடு மத்தியானம் காற்று அடிக்காதீர்கள். வெயிலில் உள்ளிருக்கும் காற்று விரிந்து பந்து கல்லாக நிற்கும், பின்னேரம் தளர்ந்துவிடும். வெயில் தாழ்ந்த பிறகு அடித்து, தலை உயரத்தில் இருந்து விட்டுப் பாருங்கள், இடுப்பளவு எழும்பினால் போதும். ஊசியை ஈரப்படுத்தாமல் செருகினால் வால்வ் கிழியும். மாரி மழை தொடங்கினால் பந்தைத் துடைத்து, கொஞ்சம் காற்று இறக்கி, நிழலில் வையுங்கள்.

கடையில் பெட்டியைப் பார்த்து வாங்காதீர்கள். காற்று அடிக்கச் சொல்லிக் கையில் எடுத்துச் சுழற்றுங்கள். வரிகள் ஆடாமல் சுழன்றால் காசைக் கொடுங்கள், ஆடினால் அடுத்த பந்தைக் கேளுங்கள்.