நாரி ஒப்பரேசனுக்குப் பிறகு எல்.எஸ். பெல்ட்: வாங்கலாமா, எப்படிக் கட்டுவது?

வைத்தியசாலையில் துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பியதும் வீட்டாரின் முதல் ஓட்டம் பாமசிக்குத்தான். மட்டக்களப்பிலும் கல்முனையிலும் எல்.எஸ். பெல்ட், அதாவது நாரியைச் சுற்றிக் கட்டும் பெல்ட், என்று கேட்டால் எடுத்துத் தருவது இழுபடும் துணியில் தைத்த அகலப் பெல்ட்: முதுகுப் பக்கம் இரும்புப் பட்டிகள், முன்னால் வெல்க்ரோ, சிலவற்றில் பக்கத்துக்கு ஒரு இழுவைப் பட்டி.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லவேண்டும். ஒப்பரேசனில் ஒன்றோடொன்று ஒட்டவைத்த நாரி முள்ளெலும்புகளை இந்தப் பெல்ட் பிடித்துவைப்பதில்லை. அது உள்ளே பூட்டிய டைட்டேனியம் திருகாணிகளினதும் கம்பிகளினதும் வேலை. இடையில் வைத்த எலும்புத்துகள் வளர்ந்து இரண்டையும் ஒன்றாக்க 3 முதல் 6 மாதம் வேண்டும், சிலருக்கு ஒரு வருடமும் ஆகும். நாரியின் கடைசி முள்ளெலும்பு அதன் கீழெலும்போடு சேரும் எல்5–எஸ்1 மட்டத்தில் எந்தத் துணிப் பெல்ட்டும் அசைவைப் பெரிதாகக் குறைக்காது. அதனால்தான் திருகாணி பூட்டியவர்களுக்குச் சில சத்திரசிகிச்சை நிபுணர்கள் பெல்ட்டே எழுதுவதில்லை. எழுதித் தந்தால் மட்டும் வாங்குங்கள். கீழே விழுந்த திறப்பை எடுக்கக் குனியும்போது வயிற்றில் அழுத்தி "குனியாதே" என்று நினைவூட்டுவதுதான் அதன் உண்மையான பயன். அந்த அளவில் காசுக்குக் குறைவில்லை.

அளவில்தான் அதிகம் பிழை நடக்கிறது. சாரம் உடுப்பவருக்குத் தன் இடுப்பளவு தெரியாது. காற்சட்டை அளவைச் சொல்லி வாங்கினாலும் பொருந்தாது. பெட்டியில் தொப்புள் மட்டமா இடுப்பெலும்பு மட்டமா என்று பார்த்து, அங்கேயே நாடாவைச் சுற்றி அளந்துகொண்டு போங்கள். பட்டிகளின் முனையை விரலால் தடவிப் பாருங்கள். மலிவான பெல்ட்டில் முனைத் தையல் சில கிழமையில் விட்டுப்போய் இரும்பு தோலில் குத்தும், அதுவும் தழும்புக்குப் பக்கத்தில்.

கட்டுவது படுத்தபடி. தோளும் இடுப்பும் ஒன்றாக, மரக்குற்றி உருளுவதுபோல் பக்கம் திரும்பி, பெல்ட்டைக் கீழே விரித்து, பட்டிகள் முள்ளந்தண்டின் இரு பக்கமும் வரச் செய்து, திரும்பிப் படுத்து முன்னால் ஒட்டுங்கள். கீழ் விளிம்பு பிட்டத்தின் மேல்பகுதியைத் தொடவேண்டும். தட்டையான கை உள்ளே நுழையும் இறுக்கம் போதும். நின்றுகொண்டு தொப்புளுக்கு மேலே கட்டினால் பத்து அடி நடப்பதற்குள் நெஞ்சுக்கு ஏறிவிடும். இடுப்பு ஒடுங்கிப் பிட்டம் அகன்ற பெண்களுக்கு நேர்ப் பெல்ட் நிற்காது, வளைவாக வெட்டியதைக் கேளுங்கள்.

கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் உள்ளே பருத்திப் பெனியன் இல்லாமல் கட்டினால் வேர்க்குரு நிச்சயம். மாற்றிப்போட நாலைந்து வைத்துக்கொள்ளுங்கள். காயத்தருகே பவுடர் போடவேண்டாம். வெல்க்ரோவில் மணலும் சாரத்து நூலும் ஏறிப் பிடி விட்டால், பழைய பற்தூரிகையால் வாரினால் திரும்பப் பிடிக்கும். பட்டிகளைக் கழற்றிவிட்டுக் கையால் கழுவி, நிழலில் காயவிடுங்கள்.

தோள்வரை போகும் டெய்லர் பிரேஸ் "இன்னும் பலமானது" என்று சில கடைகளில் காட்டுவார்கள். அது நெஞ்சு முதுகும் நாரியும் சேருமிடத்து முறிவுகளுக்கானது. நாரியின் அடிப்பகுதியில் செய்யும் எல்4–எல்5 ஒப்பரேசனுக்கு அது வீண்செலவு. அந்தக் காசுக்குக் கொமட் கதிரை வாங்குவது புத்தி, ஏனென்றால் குந்தியிருக்கும் மலசலகூடமும் பாயிலிருந்து எழும்புவதும்தான் நாரியை மோசமாக வளைப்பவை. பெல்ட் இருக்கிறதென்று கிணற்றில் வாளி இழுப்பதும் நடக்கிறது. நிரம்பிய வாளி 10 கிலோவுக்குக் கிட்ட வரும். முதல் வாரங்களில் பொதுவாகச் சொல்லும் வரம்பு 2 முதல் 4 கிலோதான். சிகரெட் எலும்பு ஒட்டுவதைத் தடுக்கும், அதை எந்தப் பெல்ட்டும் ஈடுசெய்யாது. டைக்ளோபெனாக் என்ற நோக் குளிசையையும் வைத்தியரைக் கேட்காமல் விழுங்கவேண்டாம்.

கால் புதிதாகப் பலமிழந்தாலோ, சலம் போகாவிட்டாலோ, மறைவிடம் மரத்தாலோ பெல்ட்டை இறுக்கிப் பார்த்துக்கொண்டிருக்காமல் உடனே அவசரப்பிரிவுக்குப் போங்கள். காயத்தில் சீழோடு காய்ச்சல் வந்தாலும் அப்படியே.

கழற்றும் நாளை வைத்தியர் சொல்வார், பெரும்பாலும் 6 முதல் 12 வாரத்துக்குள். ஒரே நாளில் விடாமல், முதலில் வீட்டுக்குள் இருக்கும் நேரத்திலும் பிறகு ஓட்டோ பயணத்திலும் குறைத்துக்கொண்டு வாருங்கள்.