போன் மேப் வச்சு ஓகஸ்ட் பயணம் – பல வருசம் பாவிச்ச அனுபவம்

கிளிநொச்சியில இருந்து ஓகஸ்ட் லீவுக்கு வான் எடுத்துக்கொண்டு குடும்பமாத் தூரம் போற ஆள் நான், றூட் போடுறது கனகாலமா போன் மேப்பிலதான். முதலே சொல்லிப்போடுறன், றோட்டைக் காட்டுறதில அது கெட்டிக்காரன், எந்த நாள் போறது எந்த நேரம் வெளிக்கிடுறது எண்டதில அதுக்கு ஒண்டும் தெரியாது. அதால நான் முதல்ல எடுக்கிறது சுவர்க் கலண்டர், மேப் அதுக்குப் பிறகுதான்.

ஏனெண்டா எங்கட வெயில்காலம் முழுக்கத் திருவிழா. நல்லூர்க் கந்தசுவாமி கோயில் கொடியேறினா 25 நாளும் ஏ9 எண்ட கண்டி-யாழ்ப்பாணம் றோட்டில யாழ்ப்பாணம் போற சனம், ஓகஸ்ட் 15 மடுமாதா பெருநாள், மதவாச்சியில இருந்து மன்னார் போற ஏ14ல பஸ்சும் வானும்தான். கண்டித் தலதா மாளிகைப் பெரஹரா ஊர்வலமும் அதை ஒட்டித்தான் வரும், அந்த நாளுகளில பின்னேரம் ரவுணுக்குள்ள றோட்டைப் பூட்டிப்போடுவாங்கள், ரூம் வாடகையைக் கேக்கவே வேணாம். ஒரு மாசத்துக்கு முதல் வீட்டில இருந்து றூட் போடேக்க மேப் இதொண்டும் சொல்லாது, அங்க போய் மாட்டுப்பட்டு நிக்கேக்கதான் சிவப்புக்கோடு போட்டுக் காட்டும்.

அடுத்தது ரைம். கனடாவில இருந்து வந்த மாமி ஒருக்கா போனைப் பாத்திட்டு "தம்பி, வவுனியாவுக்கு இவ்வளவு நேரம்தானே காட்டுது, ஆறுதலா வெளிக்கிடுவமே" எண்டா. "மாமி, அதுக்கு முறிகண்டிப் பிள்ளையாரைத் தெரியாது" எண்டன். அங்க வானை நிப்பாட்டாமப் போற ட்றைவர் ஆர் இருக்கு, இறங்கி, கும்பிட்டு, கற்பூரம் கொளுத்தி, கச்சான் வாங்கி, பொடியள் ஐஸ்கிறீம் கேட்டு, அரை மணித்தியாலம் போயிடும், அதுவும் வீட்டில இருந்து வெளிக்கிட்டுக் கொஞ்சத் தூரத்திலயே. வவுனியா ஏறக்குறைய 80 கிலோமீற்றர்தான், றோட்டும் நேர் றோட்டு, ஆனா ஊர்மனைக்குள்ள 50, வெளியில 70க்கு மேல மிதிச்சா பொலிஸ் மரத்துக்குக் கீழ மெஷினோட நிப்பான். நான் மேப் சொல்ற நேரத்தோட மூண்டில ஒரு பங்கைக் கூட்டித்தான் கணக்குப் போடுறது.

யானைக்கும் அது கணக்கு வைக்காது. புளியங்குளம் ஓமந்தைப் பக்கம், அங்கால ஹபரணையில இருந்து திருகோணமலை போற றோட்டு, பொழுதுபட்டா ரெண்டும் ஓடக்கூடாத றோட்டுகள். கிழக்கு வெளுக்க வெளிக்கிட்டு, இருட்ட முதல் தங்கிற இடத்தில நிக்கிற மாதிரிப் போட்டாத்தான் எனக்கு அது பிளான். ஆனா பாக்கிறதுக்கெண்டு போறதா இருந்தா ஓகஸ்டில மின்னேரியாவை விட்டிடாதேங்கோ, குளம் வத்த வத்த புல்லுக்கும் தண்ணிக்குமா கூட்டங்கூட்டமா யானை வரும்.

கடல் எண்டா இந்தக் காலத்துக்குக் கிழக்குத்தான், காலி ஹிக்கடுவப் பக்கம் கடல் கொந்தளிப்பு. வவுனியா, ஹொரவப்பத்தானை, திருகோணமலை, மட்டக்களப்பு, பொத்துவில் எண்டு அறுகம்பே வரைக்கும் இறங்கலாம். முந்தி திருகோணமலைக்கும் மூதூருக்கும் இடையில வாகனத்தை ஏத்தித் தண்ணியால கடக்கிற மிதவைப் பாதைக்குக் காத்துக்கிடந்த சனத்துக்குத்தான் 2009ல கிண்ணியாப் பாலம் திறந்ததோட அருமை தெரியும். முல்லைத்தீவில இருந்து கரையோரமாவே போவம் எண்டு ஆசைப்படுறாக்களுக்கு ஒரு சொல்லு, மேப்பில கொக்கிளாயும் புல்மோட்டையும் பக்கத்தில பக்கத்திலதான் தெரியும், இடையில களப்பு, நான் போன காலத்தில வாகனத்துக்குப் பாலம் இல்லை, சுத்தித்தான் போகவேணும்.

2022ல பிளானே தலைகீழ். எரிபொருளுக்கு கியூஆர் கோட் வந்த வருசம், கிழமைக்கு இவ்வளவு லீற்றர் எண்டு அளந்து தந்தாங்கள், மேப்பில தூரத்தைப் பாத்து டீசலால பிரிச்சா மதவாச்சிக்கு அங்கால கனவு காணேலாது. அந்த முறை மாங்குளத்தில சொந்தக்காரர் வீட்டோட லீவு முடிஞ்சுது, பொடியளுக்கு அதுவே காணும், குளத்தில குளிச்சு விளையாடிச்சினம். 2023 செப்டெம்பரில அந்த லீற்றர்க் கட்டுப்பாட்டை எடுத்த பிறகுதான் திரும்பவும் மலைநாட்டுப் பக்கம் றூட் போட்டது.

மலை எண்டா ஒண்டு, வன்னியில சமதரையில ஓடிப் பழகின கைக்கு றம்பொட ஏத்தமும் எல்லவில இருந்து வெல்லவாய இறக்கமும் வேற உலகம். மேப்பில அது சும்மா வளைஞ்ச கோடு. இறக்கத்தில பிரேக்கை மிதிச்சுக்கொண்டே போகாமச் சின்னக் கியரில விட்டு இறக்குங்கோ, பிரேக் சூடாகினா பிடிக்காது. வெளிக்கிட முதல் ரயர் காத்தையும் விடியக்காலமை ரயர் ஆறி இருக்கேக்கப் பாக்கவேணும், ஓடிச் சூடான பிறகு பாத்தா கூடத்தான் காட்டும்.

ஒஃப்லைன் மேப் கட்டாயம் டவுன்லோட் பண்ணுங்கோ, நெடுங்கேணிக் காட்டுப் பக்கம் சிக்னல் வந்து வந்து போகும். ஆனா ஒஃப்லைனில ட்ரஃபிக் தெரியாது, இடைக்கிடை அப்டேட் பண்ணாட்டி அது காலாவதியாகிடும், வெளிக்கிட முதல்நாள் வைஃபை இருக்கேக்க ஒருக்கா பாருங்கோ. இன்னொண்டு, போனைக் கண்ணாடியில ஒட்டுற ஸ்ராண்டில வைக்காதேங்கோ, மத்தியான வெயிலுக்குக் கொதிச்சுத் தானா நிண்டிடும், அதுவும் சரியாச் சந்தி வரேக்கதான் நிக்கும். ஏசி காத்து வாற இடத்தில கொழுவிற கிளிப் வாங்கினாப் போதும், நான் மாத்தின பிறகு அந்தக் கரைச்சல் இல்லை.